பயணத்தின் இனிப்பும் வீட்டாரின் பங்கும்

வெளியூர் சென்று திரும்புகிறவரை நம் வீடுகளில் முதலில் வரவேற்பவை பிள்ளைகளின் கண்கள். அக்கண்கள் அவர் முகத்தைப் பார்க்குமுன் அவர் கையிலுள்ள பையைப் பார்த்துவிடுகின்றன. துணிவுள்ள பிள்ளை, "எனக்கு என்ன வாங்கி வந்தீங்க?" என்று கேட்டுவிடும். கூச்சமுள்ள பிள்ளை பையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அருகில் நிற்கும். பையிலிருந்து ஒரு பொட்டலம் வெளிப்பட்டால் அன்று அவ்வீட்டில் சிறியதொரு திருவிழா. சென்று வந்தவர் ஒருவரே. ஆனால் அவர் கண்ட ஊரின் சுவையை வீடு முழுவதும் சுவைக்கிறது.

எளிய இப்பழக்கத்தினுள் எளிதல்லாத ஓர் அறநெறிக் கேள்வி அடங்கியிருக்கிறது. நம்மை அறிந்தவர் எவருமில்லாத ஊரில் நம் நாவுக்கு நாம் அளிக்கும் இன்பம் யாருக்கு உரியது? உண்பவருக்கு மட்டுமா? அங்கு வர இயலாதவர்களுக்கும் அதில் ஏதேனும் உரிமை உண்டா?

முற்காலத்தில் நம்மவர் பயணங்கள் பெரும்பாலும் திருமணம், துக்கம், திருவிழா, வழக்கு, வைத்தியம் என்னும் கடமைகளையொட்டியே அமைந்தன. இன்று நிலைமை வேறு. இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் போதும். சென்னையில் பணிபுரியும் இளைஞர்கள் புதுச்சேரிக்கோ உதகைக்கோ கொடைக்கானலுக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். வெளிநாடுகளில் வேலை பார்ப்பவர்கள் வார இறுதியில் அயல்நகர் ஒன்றுக்கு இரயிலேறி, அவ்வூர் பீரையும் சாக்லேட்டையும் பலகாரங்களையும் சுவைத்துத் திரும்புகிறார்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவர்களுள் சிலர் வெள்ளை மனத்தோடு கேட்பதுண்டு: "ஃபாதர், இதிலே பாவம் ஏதாவது இருக்கிறதா?" இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அத்தகைய விடை பயனற்றது.

ஊருக்கு ஒரு சுவை

நம் நாட்டில் ஊரின் பெயரைச் சொன்னவுடன் நாவில் ஒரு சுவை எழுகிறது. திருநெல்வேலி என்றால் அல்வா. மணப்பாறை என்றால் முறுக்கு. தூத்துக்குடி என்றால் மக்ரூன். பழனிப் பஞ்சாமிர்தமும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் அச்சிறப்புக் கிடைத்தது. ஓர் ஊரின் மண்ணும் நீரும் கைப்பக்குவமும் சேர்ந்து ஆக்கியதை வேறோர் ஊர் தன் பெயரில் சேர்த்துக்கொள்ள முடியாது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது என்க.

தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும் எல்லை நகரமான திருத்தணியில் வாழ்வோர்க்கு இவ்வுண்மையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாக நம் இந்துச் சகோதரர்கள் போற்றும் மலை அது. ஆடிக் கிருத்திகையன்று காவடிகளோடு திரள்திரளாக மக்கள் வருகின்றனர். மலையிலிருந்து இறங்குகிறவர்களின் கைகளைக் கவனித்தால் பொரி, கற்கண்டு, பேரீச்சம்பழம், திருநீற்றுப் பொட்டலம் என ஏதேனும் ஒன்று இருக்கக் காணலாம். தாம் பெற்ற பிரசாதத்தைப் பேருந்திலேயே உண்டு முடித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப அவர்களுக்கு மனம் வருவதில்லை. அது அண்டை வீட்டுக்கும் போக வேண்டும். வேளாங்கண்ணி சென்று வரும் நம் மக்களும் இவ்வாறே புனித எண்ணெயோடும் பொரியோடும் இனிப்போடும் திரும்புகின்றனர். நோயுற்ற பாட்டியின் நெற்றியில் எண்ணெயைப் பூசி, வாயில் ஒரு துண்டு இனிப்பை வைத்த பின்னரே அப்பயணம் நிறைவுறுகிறது.

சமயங்கள் வேறு, உள்ளுணர்வு ஒன்று. பயணம் தந்த இனிமையில் வராதவர்க்கும் பங்கு உண்டு என்னும் உணர்வே அது. நம் கேள்விக்கான விடையின் முதல் நூலிழை இங்கேதான் கிடைக்கிறது.

உண்டு மகிழச் சொன்ன இறைவன்

சுவையை விரும்புவதே குற்றம் என்று எண்ணும் பக்தியும் நம்மிடையே உண்டு. அத்தகையோர் இணைச்சட்ட நூலின் 14ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால் வியப்படைவர். விளைச்சலில் பத்திலொரு பங்கை ஆண்டவர் தேர்ந்துகொண்ட இடத்திற்குக் கொண்டு சென்று அங்கே உண்ண வேண்டும் என்பது இஸ்ரயேலருக்கு இடப்பட்ட கட்டளை. வழி நெடுந்தொலைவாயின் என்ன செய்வது? பொருளை விற்றுப் பணமாக்கி, அப்பணத்தை எடுத்துச் சென்று, அங்கே உள்ளம் விரும்பியதை வாங்கிக்கொள்ளலாம் என்கிறது அந்நூல். ஆடு மாடுகளோடு திராட்சை இரசமும் மதுபானமுங்கூட அப்பட்டியலில் உள்ளன. குடும்பத்தோடு ஆண்டவர் திருமுன் உண்டு மகிழ்வதே அத்திருப்பயணத்தின் நோக்கம். வெளியூர் விருந்து அங்கே பாவமாகக் கருதப்படவில்லை, வழிபாடாகவே மதிக்கப்பட்டது!

ஆனால் அப்பகுதி அத்துடன் முடிந்துவிடவில்லை. மகிழச் சொன்ன அதே மூச்சில், ஊரிலிருக்கும் நிலமற்ற லேவியனைக் கைவிடலாகாது என்ற எச்சரிக்கையும் வருகிறது. மூன்றாம் ஆண்டில் அப்பத்திலொரு பங்கு வெளியூருக்குச் செல்லாமல் ஊரிலேயே சேமிக்கப்பட்டு லேவியர், அந்நியர், அனாதைகள், கைம்பெண்கள் ஆகியோர் வயிறார உண்பதற்கு அளிக்கப்பட வேண்டும். பயணத்தின் மகிழ்ச்சியும் ஊரிலிருப்போரின் பசியும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்களாக வைக்கப்பட்டுள்ளன. ஒன்றை மறந்தவர் மற்றொன்றையும் இழந்துவிடுகிறார்.

நெகேமியா நூலின் 8ஆம் அதிகாரமும் இதையே வலியுறுத்துகிறது. திருச்சட்டம் வாசிக்கப்பட்டதைக் கேட்டு மக்கள் அழுதபோது, அழ வேண்டாம் என்று தடுத்து, சுவையான உணவையும் இனிய பானத்தையும் உண்ணச் செல்லுமாறு அவர்களை அனுப்புகிறார்கள் தலைவர்கள். தமக்கென எதுவும் சமைத்து வைக்காதவர்களுக்கும் ஒரு பங்கை அனுப்பிவிடுமாறு கட்டளையிடவும் அவர்கள் மறக்கவில்லை.

நம் ஆண்டவரும் விருந்துகளைத் தவிர்த்தவர் அல்லர். கானாவூர்த் திருமணத்தில் இரசம் தீர்ந்தபோது ஆறு கற்சாடிகளை நிரப்பச் சொன்னவர் அவர். பெருந்தீனிக்காரன், குடிகாரன் என்ற பழிச்சொல்லையும் அவர் பொறுத்துக்கொண்டார். உயிர்த்தெழுந்த பின்னரும் சீடர்முன் வேகவைத்த மீனை உண்டார். இன்பங்களை முற்றிலும் வெறுத்து ஒதுக்கும் உணர்வற்ற நிலையையும் ஒரு குறையென்றே புனித தோமா அக்குவினார் தம் இறையியல் தொகுப்பில் கணிக்கிறார். அளவோடு இன்புறுதல் மனிதப் பண்பு; மரத்துப்போதல் புண்ணியம் ஆகாது. நோன்பும் ஒறுத்தலும் இதற்கு மாறானவை அல்ல. நல்லதென்று அறிந்ததை அதைவிட மேலான ஒன்றுக்காக விட்டுக்கொடுப்பதே நோன்பு. இனிப்பைத் தீயதென்று கருதுகிறவர் அதைத் துறப்பதில் என்ன தியாகம் இருக்கிறது?

சாக்லேட்டும் பாதாம் இனிப்பும்

திருச்சபையின் வரலாற்றில் தின்பண்டத்தைப் பற்றிய விவாதங்களும் இடம்பெற்றுள்ளன என்றால் சிலருக்கு நகைப்பாயிருக்கும். மெக்சிகோ நாட்டிலிருந்து சாக்லேட் ஐரோப்பாவுக்கு வந்தபோது அது பானமாகவே அருந்தப்பட்டது. நோன்பு நாளில் அதைக் குடித்தால் நோன்பு முறியுமா என்ற வினா எழுந்தது. 1636ஆம் ஆண்டில் அந்தோனியோ தே லெயோன் பினெலோ என்பவர் மாத்ரித் நகரில் இதைப்பற்றித் தனி நூலே வெளியிட்டார். அந்நூற்றாண்டிலேயே கர்தினால் பிரான்சிஸ்கோ மரியா பிரான்காச்சோ, நீராகாரம் நோன்பை முறிக்காது என்ற பழைய நெறியின் அடிப்படையில் சாக்லேட்டுக்குச் சாதகமாக எழுதினார். அறிஞர்கள் எத்தனை நுணுக்கமாக அளந்தார்கள் பாருங்கள்! ஆயினும் இன்னொரு வினாவையும் அவர்களோடு சேர்த்து நாம் எழுப்பலாம். கிண்ணத்தில் இருப்பது நீரா திடப்பொருளா என்பது ஒரு வினா. மேசைக்கு வர இயலாதவர் யார் என்பது மற்றொரு வினா. பின்னதே நற்செய்திக்கு நெருக்கமானது.

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அவ்வினாவுக்குத் தம் இறுதி நாள்களில் விடையளித்தார். தம் உடலைக் 'கழுதைத் தம்பி' என்றழைத்துக் கடுமையாக ஒறுத்த அத்துறவி, 1226ஆம் ஆண்டில் இறப்பு நெருங்கியபோது, உரோமையில் வாழ்ந்த ஜாக்கோபா என்னும் கைம்பெண் தமக்கு முன்பு செய்து தந்த பாதாம் இனிப்பை விரும்பினார் எனத் தொடக்ககால பிரான்சிஸ்கன் குறிப்புகள் கூறுகின்றன. அவ்வம்மையாரும் வந்து அதைச் செய்து கொடுத்தார். பிரான்சிஸ் சிறிதளவே உண்டார். உண்ணும்போதே சகோதரர் பெர்னார்துக்கு இது பிடிக்குமே என்று நினைவுகூர்ந்து அவரை அழைத்து வரச் செய்தார். ஏழ்மையின் துறவி இனிப்பை விரும்பியதற்காக நாணவில்லை. அந்த இனிப்பு நாவில் பட்டவுடன் இன்னொருவரின் பெயர் அவர் நினைவுக்கு வந்தது. தூய சுவைக்கு இதைவிடச் சிறந்த அடையாளம் வேண்டுமா?

இதே பாதாம் இனிப்பின் உறவினர் ஒருவர் நம் முத்துக்குளித்துறையிலும் வாழ்கிறார். ஐரோப்பாவில் பாதாம் பருப்பைக் கொண்டு செய்யப்படும் மக்ரூன், போர்த்துக்கீசியர் வழியாகத் தூத்துக்குடிக்கு வந்தது என்பர். இங்கே பாதாமுக்குப் பதிலாக முந்திரி சேர்ந்தது. அம்முந்திரியும் பிரேசில் நாட்டிலிருந்து போர்த்துக்கீசியர் கொணர்ந்த மரத்தின் கொடையே. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரி என்னும் மூன்றும் நம் மக்களின் கைப்பக்குவத்தில் கடற்கரை ஊர் ஒன்றின் பெருமையாயின. விருந்தினராக வந்த சுவை வீட்டாரின் சுவையாக மாறிய கதை இது. நற்செய்தியும் இவ்வாறே நம் மண்ணில் வேர் கொள்ள வேண்டும் என்று நாம் வேண்டுகிறோம் அன்றோ?

துறவியர் காய்ச்சும் பீர்

இனிப்பைப் பற்றி இவ்வளவு தாராளமாகப் பேசிவிட்டுப் பீரைப் பற்றி வாய் திறவாமல் இருப்பது நேர்மையாகாது. பெல்ஜியம் சென்று வந்த இளைஞர்கள் ஒரு வாதத்தை முன்வைப்பதுண்டு. "அங்கே துறவிகளே பீர் காய்ச்சுகிறார்கள். பிறகு அதைக் குடிப்பதில் என்ன தவறு?" என்பதே அது.

அவர்கள் கூறும் செய்தி உண்மையே. வெஸ்ட்மால், வெஸ்ட்விலெதெரன், சிமே, ரோஷ்போர், ஓர்வால் ஆகிய ஐந்து பெல்ஜிய மடங்களில் டிராப்பிஸ்ட் துறவிகளின் பீர் ஆக்கப்படுகிறது. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அமைப்பு மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் டிராப்பிஸ்ட் முத்திரையைப் பெறுவதற்கான நிபந்தனைகளையும் அறிந்துகொள்ள வேண்டும். மடத்தின் மதில்களுக்குள் அல்லது அதன் அருகிலேயே, துறவியரால் அல்லது அவர்தம் மேற்பார்வையில் அது ஆக்கப்பட வேண்டும். வருவாய் மடத்தின் பிழைப்புக்கும் அறப்பணிகளுக்கும் செலவிடப்பட வேண்டும். பெல்ஜியத்தின் ஆறாவது மடமாயிருந்த ஆகெலில் துறவிகள் இல்லாமற் போனதால் 2021ஆம் ஆண்டில் அது அம்முத்திரையை இழந்தது. பீர் அங்கே இருந்தது. செபிக்கும் குழுமம் இல்லை. எனவே முத்திரையும் இல்லை!

புனித பெனடிக்ட் 6ஆம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்கின் 40ஆம் அதிகாரத்தைப் படிக்கிறவர் அதிலுள்ள தயக்கத்தை உணர்வார். பிறருடைய அளவை வரையறுக்க அவர் மிகவும் கூச்சப்படுகிறார். நலிந்தோரை எண்ணி நாளொன்றுக்குச் சிறிய அளவு இரசத்தை அனுமதிக்கிறார். முற்றிலும் விலக்கும் ஆற்றலைக் கடவுளிடமிருந்து பெற்றோர் தனிப் பரிசு பெறுவர் எனவும் சேர்க்கிறார். நாளும் எழுமுறை செபிக்கிறவர்களின் உணவுமேசையிலேயே இத்தனை எச்சரிக்கை! அவர்களுடைய குவளையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய மணியோசையை விட்டுவிடுவது நியாயமான வாதமன்று.

எல்லைக்கோடும் மனச்சான்றும்

மேலும், பெல்ஜிய மடத்தின் மேசை வேறு. தமிழகத்துச் சாலையோரம் வேறு. எந்தப் பொருளும் ஏதேனும் ஒரு மண்ணில், ஒரு வரலாற்றில்தான் அருந்தப்படுகிறது. நம் மண்ணின் வரலாறு என்ன?

திருத்தணி 1960ஆம் ஆண்டில்தான் ஆந்திரத்திலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை சில கல் தொலைவிலேயே உள்ளது. எல்லைக்கு அப்பால், நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில், 1992ஆம் ஆண்டளவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த ஏழைப் பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தனர். அவர்தம் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. 1993இல் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது. அவ்வாண்டுகளில் கோட்டுக்கு அப்புறம் குற்றமாயிருந்தது இப்புறம் வணிகமாயிருந்தது. புதுச்சேரியிலும் இதே நிலையைக் காண்கிறோம். அது மதுவுக்கு வரி குறைந்த ஊர் என்று பல ஆண்டுகளாகப் பெயர் பெற்றது. அதனாலேயே அங்குள்ள திரு இருதயப் பேராலயத்தையும் கடற்கரையையும் பிரெஞ்சுத் தெருக்களையும் ஆரோவில் பகுதியில் இந்தியக் கொக்கோவைக் கொண்டு செய்யப்படும் சாக்லேட்டையும் காணாமலே திரும்பும் பயணிகள் பலர் உண்டு.

சட்டம் எல்லைக்கோட்டோடு மாறும், ஆட்சியோடு மாறும். மனச்சான்று அவ்வாறு மாறலாகாது. "இங்கே அனுமதி உண்டு" என்பது அரசுக்குச் சொல்லும் விடை. "இங்கே என்னை அறிந்தவர் யாருமில்லை" என்பது விடையே அன்று, அதுவே சோதனை. அறிந்தவர் இல்லாத ஊரில் நாம் எவ்வாறு நடந்துகொள்கிறோமோ அதுவே நம் உண்மையான உருவம்.

திருப்பயணம் செல்லும் வாடகை வண்டிகளைப் பாருங்கள். புகைவண்டிச் சந்திப்பைத் தாண்டியதும் வண்டி ஒரு மதுக்கடையருகே நிற்கிறது. ஆண்கள் இறங்குகிறார்கள். பெண்கள் தலைகுனிந்து வண்டிக்குள் அமர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடையின் வாசலையே நோக்கியிருக்கிறார்கள். வெயில் ஏறுகிறது. பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்க வைத்திருந்த பணம் எங்கே போகிறது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பேசத்தான் எவருக்கும் துணிவில்லை. மாலையில் அவ்வண்டி மாதாவின் திருத்தலத்தை அடையும்போது உள்ளே இருப்பவர்கள் ஒரே குடும்பமாக இருப்பதில்லை. இன்புற்றவர்கள் ஒருபுறம், காத்திருந்தவர்கள் மறுபுறம்.

கொரிந்து நகரின் சபையிலும் இதே பிளவைத்தான் பவுலடியார் கண்டார். ஆண்டவரின் விருந்துக்கென்று கூடியவர்களுள் ஒருவர் பசித்திருக்க, மற்றொருவர் குடித்து மயங்கியிருந்தார். அவர்கள் உண்ட உணவின் தரத்தைப் பற்றிப் பவுல் பேசவில்லை. இல்லாதோரை வெட்கமுறச் செய்தார்கள் என்பதே அவர் சினத்துக்குக் காரணம். தம் உணவு சகோதரர் ஒருவருக்கு இடறலாகுமாயின் அதை விட்டுவிடவும் அவர் அணியமாயிருந்தார். குடியிலிருந்து மீண்டெழப் போராடும் ஒருவர் அப்பயணத்தில் நம்முடன் இருந்தால், அவர் பொருட்டு நம் குவளையைக் கவிழ்த்து வைப்பது பெருந்துறவன்று, சாதாரண அன்பு. மேலும், தம்மால் அளவோடு நிறுத்த இயலாதென்று அறிந்தவர்க்கு 'அளவு' என்ற பேச்சே பொருந்தாது. அவருக்கு முற்றும் விலக்கலே விடுதலை.

சிலர் பீரை மதுவென்றே கருதுவதில்லை. 650 மில்லி லிட்டர் கொண்ட, 8 விழுக்காடு ஆல்ககால் உள்ள வீரியமான பீர்ப் புட்டி ஒன்றில் ஏறத்தாழ 40 கிராம் ஆல்ககால் இருக்கிறது. உடல் நலத்திற்குத் தீங்கற்றதென்று கூறத்தக்க ஆல்ககால் அளவு எதுவுமில்லை என உலக நலவாழ்வு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. தமிழகத்தில் மதுச் சில்லறை விற்பனை 2003ஆம் ஆண்டு முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. அதற்கு வெளியே கள்ளச்சாராயமும் உயிர்களைக் கொள்ளை கொள்கிறது. 2024ஆம் ஆண்டு சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் அதைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய மண்ணில் ஒரு கிறித்தவர் குவளையைக் கையிலெடுக்குமுன் ஒரு கணம் நின்று சிந்தித்தால் அதைக் கோழைத்தனம் என்று யாரும் கூறமாட்டார்கள்.

இங்கே பிள்ளையின் கண்கள் நமக்கு நல்ல உரைகல்லாகின்றன. அல்வாவை வீட்டுக்குக் கொண்டு வரலாம். பால்கோவாவைப் பாட்டிக்கு ஊட்டலாம். சாக்லேட்டை நான்காக உடைத்து நால்வருக்குக் கொடுக்கலாம். எந்த இன்பத்தை வீட்டுக்குக் கொண்டுவர இயலாதோ, எதைப்பற்றி வீட்டில் வாய் திறந்து கூற இயலாதோ, எது வீட்டாரின் பங்கைத் தின்று வளர்கிறதோ, அது எவ்வளவு இனித்தாலும் நம்முடையதன்று. தம் மனைவியோடும் நண்பரோடும் ஒளிவுமறைவின்றி, குடும்பத்தின் பணத்தைத் தொடாமல், அறிவு மயங்காமல் ஒரு குவளை அருந்தியவரைத் திருச்சபை பாவி என்று தீர்ப்பிடவில்லை. அறிவைத் தெரிந்தே மயக்கத்திடம் ஒப்படைப்பதைத்தான் நம் அறநெறி இறையியல் கனமான பாவம் என்கிறது. ஆனால் தீர்ப்பிடப்படாமல் இருப்பது மட்டுமே நம் குறிக்கோளா? அன்பு அதைவிட அதிகம் கேட்கிறது.

செய்தவர் கையின் பங்கு

வீட்டாருக்குப் பங்குண்டு என்றோம். இனிப்பை ஆக்கியவருக்கும் பங்குண்டு. உலகக் கொக்கோவில் பாதிக்கும் மேல் ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வருகிறது. அங்குள்ள தோட்டங்களில் குழந்தைத் தொழிலாளர் கொடுமையை ஒழிக்கப் பெரிய சாக்லேட் நிறுவனங்கள் 2001ஆம் ஆண்டிலேயே உடன்பாடு செய்துகொண்டன. கொடுமை இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. ஒரு பிள்ளைக்கு நாம் வாங்கும் இனிப்பு இன்னொரு பிள்ளையின் பள்ளி நாளை விலையாகக் கொண்டதாயிருக்கலாம். நம் பொள்ளாச்சிப் பகுதியிலும் தென்னைகளுக்கிடையே கொக்கோ விளைகிறது. யார் விளைவித்தார்கள், என்ன கூலி பெற்றார்கள் என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே வளர வேண்டும்.

தொலைநாட்டை விடுங்கள். சுற்றுலாச் சென்ற ஊரின் உணவு விடுதியில் மேசை துடைப்பவரை நாம் எவ்வாறு அழைக்கிறோம்? விரலைச் சொடுக்கியா? பனங்கற்கண்டு விற்கும் மூதாட்டியிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டு, குளிரூட்டிய கடையில் கேட்ட விலையைக் கொடுத்துவிடுகிறோமே, அது எந்த நீதி? புனித பெரிய கிரகோரியார் போசனப்பிரியம் ஐந்து வகையில் வரும் என்றார்: காலத்திற்கு முன் உண்ணல், விலையுயர்ந்ததையே நாடல், அளவு மீறல், பேராவல், பக்குவத்தில் மிகை நாட்டம். அவற்றோடு ஆறாவதொன்றையும் நம் காலத்திற்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம்: ஆக்கியவரை மறந்து உண்ணல்.

365 படிகளும் ஒரு விருந்தும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். அவை ஓர் ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்பது அங்குள்ளோர் மரபு. டிசம்பர் 31ஆம் நாள் படித்திருவிழாவின்போது படிதோறும் நின்று பாடி ஏறுவர். அதே இரவில் நாம் ஆலயத்தில் கூடி, கடந்த ஆண்டுக்கு நன்றி கூறிப் புத்தாண்டுத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம். அதே இரவில் நகரங்களின் விடுதிகளில் புட்டிகள் உடைகின்றன. ஒரே இரவை மூன்று வகையில் கழிக்கலாம் என்பதற்கு இது சான்று.

ஏறுகிறவர் ஒவ்வொரு படியிலும் விருந்து கேட்பதில்லை. முந்நூறு படிகளின் வியர்வைதான் உச்சியின் காற்றை இனிதாக்குகிறது. உழைத்த நாள்களுக்கு நடுவே வரும் ஓய்வு நாள் ஒன்றே விடுமுறையின் சுவையைத் தருகிறது. நாள்தோறும் விருந்துண்பவருக்கு விருந்தே இல்லை. தவக்காலத்தில் மெய்யாகவே நோன்பிருந்தவர்தாம் உயிர்ப்புப் பெருவிழாவின் இனிப்பை உண்மையில் சுவைக்கிறார்.

எனவே, நம் குடும்பங்களும் அன்பியங்களும் பயணம் புறப்படுமுன் சிலவற்றை முடிவு செய்துகொள்வது நன்று. செலவைக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வகுக்கட்டும். மதுக்கடையில் வண்டி நிற்காது என்பதைப் புறப்படும் முன்பே எல்லாரும் ஏற்கட்டும். பங்கிலிருந்து செல்லும் ஒவ்வொரு வண்டியிலும் கட்டணம் செலுத்த இயலாத ஒருவருக்கு ஓர் இருக்கை ஒதுக்கப்படட்டும். வின்சென்ட் தே பவுல் சபையினர் அவரை அறிவர். திரும்பும்போது வாங்கும் பொட்டலங்களுள் ஒன்று, நடக்க இயலாமல் வீட்டிலேயே கிடக்கும் ஒருவர் பெயரால் வாங்கப்படட்டும். இவை பெரிய புண்ணியங்கள் அல்ல. ஆயினும் சுற்றுலாவைத் திருப்பயணமாக மாற்ற இவையே போதும்.

இவ்வழக்கம் புதியதன்று. ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் புனித யுஸ்தின் உரோமைப் பேரரசருக்கு எழுதிய விளக்கவுரையில் கிறித்தவர்களின் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கிறார். நன்றி மன்றாட்டு முடிந்து அனைவரும் உணவைப் பகிர்ந்துகொண்ட பின், அங்கே வர இயலாதவர்களுக்கும் திருத்தொண்டர்கள் அதை எடுத்துச் சென்றனர் என்கிறார். அங்கே திரட்டப்பட்ட காணிக்கை அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயுற்றோருக்கும் அயலாருக்கும் சென்றது. இன்றும் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்லப்படுகிறதே, அதன் வேர் அங்கேதான் இருக்கிறது. வராதவருக்கும் எடுத்துச் செல்லப்படும் விருந்துதான் கிறித்தவ விருந்து.

நம் தமிழுக்கு இங்கே ஒரு தனிப் பேறு உண்டு. ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள இறைமக்கள் சமூகத்தை நாம் 'பங்கு' என்கிறோம். ஓர் உணவில் ஒருவருக்குரிய பாகத்தையும் 'பங்கு' என்றே சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது வெறும் தற்செயலாயிருக்கலாம். ஆயினும் பங்கு மக்கள் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் நாம், எந்த ஊரில் எந்தச் சுவையை நுகர்ந்தாலும், இதில் இன்னும் யாருக்குப் பங்கு உண்டு என்று கேட்கப் பழகுவோமாக. அக்கேள்வியைக் கேட்டு உண்பவரின் மகிழ்ச்சியை இறைவன் ஆசீர்வதிப்பார்.